விளங்காத கேள்விக்கு ஓம் சொன்னவன்

நான் போதனாசிரியர் ஆன கதையைச் சொன்னால், நீங்கள் கையில் வைத்திருக்கும் நியமனக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவீர்கள். என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். எனக்கு விளங்கவில்லை. ஓம், ஆமாம் என்று கத்தினேன். அவ்வளவுதான், ஆசிரியத் தொழிலுக்குள் விழுந்துவிட்டேன்!

நம் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு இந்த மாதம் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் படித்தவர்கள். கற்பித்தலைப் பற்றித் தலையணை மாதிரிப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்திருப்பீர்கள். நானோ சாய்ந்தமருதில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து, எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்கு லீவு கொடுத்தவன். அந்த எட்டு ஆண்டிலும் பாதி நேரம் வாங்கில், அதுதான் பெஞ்சில், ஏறித்தான் நின்றேன். கணக்குப் பிழைத்தால் வாங்கில் ஏறு. கொப்பி கொண்டுவராவிட்டால் வாங்கில் ஏறு. சிரித்தால் ஏறு. மற்றப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரிந்தது, எனக்குக் கூரைத் தீராந்தியில் பல்லி குஞ்சு பொரித்தது தெரிந்தது. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைக்காமல் நம் சனத்துக்குச் சோறு இறங்காது, உங்களுக்குத் தெரியும். எனக்கு வாய்த்தது ‘வாங்கு றாசிக்’.

பள்ளிக்கூடம் சரிவரவில்லை என்று வாப்பா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கமாக மனிதர்கள்தான் மீனைச் சாப்பிடுவார்கள். நான் போன ஒரு கிழமையும் என் வயிற்றில் இருந்ததை எல்லாம் மீன்கள் சாப்பிட்டன. கடைசியில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயரைக் கொடுத்தேன். எடுத்தும் விட்டார்கள். உம்மா வாசலில் நின்று அழுதுகொண்டே கேட்டா:

“பள்ளிக்கூடத்துல வாங்குல ஏறி நிண்டாய். அங்க போய் எதுல ஏறி நிக்கப் போறாய் மனே?”

முதலில் பஸ்ஸில் ஏறினேன்.

எனக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. ஆனால் முதல் நாளே ஒரு மந்திரம் கிடைத்தது. மேலதிகாரி எதைக் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்தி “எஹெமய் சேர்!” என்று கத்த வேண்டும். ‘ஓம் ஐயா’ என்பதுதான் அர்த்தம். அடடா, என்ன சொகுசான சொல்! அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வண்டி ஓட்டினேன். சத்தமாகச் சொன்னால் போதும், ஒருவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அதனால் வந்த வினைகளும் உண்டு. ஒரு தடவை ‘எஹெமய்’ சொல்லி மூன்று நாள் வெங்காயம் உரித்தேன். இன்னொரு தடவை சொல்லி, கலைவிழாவில் பாட்டுப் பாட மேடையில் ஏற்றப்பட்டேன். பாடினேன். பிறகு என்னை ஒருவரும் பாடக் கூப்பிடவில்லை.

பொறியியல் பிரிவில் மெசின் ஓட்டுகிற வேலையில் போட்டார்கள். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் மூளை இருக்கிறது என்பது எனக்கே தெரியவந்தது. டிரக்டர், டோசர், எதில் ஏற்றினாலும் கை தானாக வேலை செய்தது. வருடங்கள் போகப் போகச் சமையலறைச் சிங்களமும் வந்துவிட்டது. ஆனால் அதிகாரிகள் பேசுகிற நீட்டு வசனச் சிங்களம் அப்போதும் என் தலைக்கு மேலால்தான் பறந்தது.

ஒரு நாள் காலைப் பரேட்டில் எங்கள் முகாமின் பெரியவர் ஒரு கடிதத்தை வாசித்தார். வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். நான் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். முடிவில் அவர் தலையைத் தூக்கி ஏதோ கேட்டார். பழக்க தோசம்.

“எஹெமய் சேர்!”

எண்பது பேர் நின்ற பரேட்டில் என் குரல் மட்டும்! பக்கத்தில் நின்றவன் சாவு விழுந்த மௌத்துவீட்டுக்கு வந்தவன் போல என்னைப் பார்த்தான். அடுத்த கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைநாட்டில் இருந்த பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். பயிற்றுநர் பயிற்சிக்கு யார் தயார் என்பதுதான் அந்தக் கேள்வி என்று பஸ்ஸில் வைத்துத்தான் தெரியும்.

வாங்கு றாசிக் மற்றவர்களுக்குப் படிப்பிக்கப் போகிறான்! ஊருக்குக் கடிதம் எழுதக்கூட வெட்கமாக இருந்தது.

எங்கள் பயிற்சியைப் பொறுப்பெடுத்தவர் ஒரு சார்ஜன்ட். என்னைவிட நாலு வயது இளையவர். ராணுவத்தில் எல்லாரும் கத்துவார்கள், இவர் மட்டும் காதுக்குள் சொல்கிற மாதிரிப் பேசுவார். அதனாலேயே எல்லாரும் பயந்தோம். முதல் நாள் எங்களை ஒவ்வொருவராகப் படையினர் முன்னால் நிறுத்தி, பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லச் சொன்னார். நான் போய் நின்றேன். முப்பது கண்கள் என்னையே பார்த்தன. வாழ்க்கையில் முதல்தடவையாக, நான் தண்டனைக்காக நிற்காமல் இருக்கும்போது என்னைப் பார்த்த கண்கள்! அந்த நிமிடமே முடிவெடுத்தேன்: இதை விடக் கூடாது. இதில் தவறினால் திரும்பவும் வெங்காயம்தான்.

முதல் ஒத்திகை வகுப்புக்கு எனக்குக் கிடைத்த பாடம், பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய டிரக்டரைப் பின்னுக்கு எடுப்பது. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு கோணங்கி வேலை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகும். எனக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. இருபது நிமிடமும் வெளுத்துக் கட்டினேன். என் ஓட்டைச் சிங்களத்தில் டிரக்டரைப் புருசனாகவும் பெட்டியைப் பெண்சாதியாகவும் வைத்து நடித்துக் காட்டினேன். பொடியன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் “விளங்கியதா?” என்று கேட்டேன். “எஹெமய் சேர்!” மலையே அதிர்ந்தது. என்னைச் சேர் என்கிறார்கள்! எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

சார்ஜன்ட் மெதுவாக எழும்பி வந்து, எல்லாரிலும் அதிகமாகச் சிரித்தவனைத் தொட்டு, “ஏறி எடு” என்றார்.

அவன் எடுத்தான். பெட்டி நேரே கல்லூரிப் பெரியவரின் மரக்கறித் தோட்டத்துக்குள் போனது. பதினொரு முட்டைக்கோவா அந்த இடத்திலேயே மௌத்து.

சார்ஜன்ட் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சிங்களத்தில் கேட்டதை நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

“இவனுகள் சிரிச்சானுகளா?”

“எஹெமய் சேர்.”

“இவனுகளுக்கு விளங்கிச்சா?”

“எஹெமய் எண்டுதானே சேர் சொன்னாங்க.”

“நீயும் ஒங்கட பரேட்டுல எஹெமய் எண்டுதானே சொன்னாய். அண்டைக்கு என்ன கேட்டாங்க எண்டு உனக்கு விளங்கிச்சா?”

இவருக்கு எப்படித் தெரியும்! வழக்கம்போலக் கத்தித் தப்பலாம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வந்தது உண்மைதான்.

“லீவப் பத்திக் கேக்கிறாங்க எண்டு நினச்சன் சேர்.”

அவர் சிரிக்கிற ஆளில்லை. ஆனால் மீசை கொஞ்சம் அசைந்தது.

“அப்ப, விளங்காதவன்ட மூஞ்சி எப்படி இரிக்கும் எண்டு இந்தக் கேம்ப்புலயே உன்ன விட நல்லாத் தெரிஞ்சவன் ஆரு?”

அதோடு போய்விட்டார். நான் கோவாப் பாத்தியில் இறங்கி நசுங்கியதைப் பொறுக்கினேன். என் வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே பட்டம் அவரின் அந்த வார்த்தைதான், தம்பிமாரே. எனக்குத் தெரியும் அந்த மூஞ்சி! நான் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டு திரிந்த மூஞ்சி. மற்றவர்களைவிட அரை நொடி பிந்தித்தான் தலை ஆடும். கண் பெரிதாகும். குரல் மட்டும் எல்லாரையும் விடச் சத்தமாக வரும்.

இறுதிப் பரீட்சையும் அதே பாடம்தான். பன்னிரண்டு புதுப் படையினர், இருபது நிமிடம், பிறகு சார்ஜன்ட் தனக்கு விருப்பமான ஒருவனை ஏற்றுவார். அவன் எடுத்தால் நான் பயிற்றுநர், எடுக்காவிட்டால் நான் வெங்காயம். நான் வகுப்பைத் தொடங்கியதும் மூஞ்சிகளைத்தான் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் ஒருவனின் தலை அரை நொடி பிந்தி ஆடியது. அடேய், நீதான் என் சொந்தக்காரன்! அவனையே ஏற்றினேன். எடுத்தான், பிழைவிட்டான். நிறுத்தினேன், ஏன் பிழைத்தது என்று மற்றவர்களைச் சொல்லச் சொன்னேன். திரும்ப எடுத்தான், திரும்பப் பிழைத்தான். இருபதில் பதினாறு நிமிடத்தை அவன் ஒருவனே தின்றுவிட்டான். ஏழாவது தடவை பெட்டி நிலத்தில் கீறிய கோட்டுக்குள் போனது.

சார்ஜன்ட் எழும்பினார். என் சொந்தக்காரனை விட்டுவிட்டு, கடைசி மூலையில் நின்ற, நான் ஒரு தடவைகூட ஏற்றாத ஒருவனைக் கூப்பிட்டார். வெங்காய மூட்டை கண்முன் வந்தது. அவன் ஏறினான், பின்னுக்கு எடுத்தான், பெட்டி கோட்டுக்குள் நின்றது! ஒருவன் ஆறு தடவை பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவனுக்கு ஏழாவது தடவை எப்படி என்று கை சொல்லிவிட்டது. நான் நின்ற இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளினேன். ராணுவத்தில் அப்படித் துள்ளக் கூடாது. அதற்காக மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொன்னார்கள். பறந்துகொண்டே ஓடினேன்.

அதற்குப் பிறகு பல வருடம் படைக்குள் பயிற்றுநராக இருந்தேன். சேவைக்காலம் முடிந்து வெளியே வந்தபோது, அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் நம் நிலையத்தில் எடுத்தார்கள். கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி, வெள்ளை மடிப்புச் சேர்ட்டோடு வீட்டுக்கு நடந்தபோது, தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களுக்குப் புரைக்கேறிவிட்டது.

“டேய், வாங்கு வாத்தியாராம்டா!”

“அப்ப பிள்ளைகள் எங்க நிக்கிற? கூரையிலயா?”

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வேறு என்ன செய்ய? ஆனால் ஆறு மாதத் தகுதிகாண் காலம். அதன் முடிவில் மாவட்ட உதவிப் பணிப்பாளர் என் வகுப்பை வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அவர் ஒரு வரி மாற்றி எழுதினால், தேத்தண்ணிக் கடைக்காரர்களின் வாய்க்கு நான் ஆயுள் முழுக்கத் தீனி.

முதல் அணியில் பதினாறு பேர். இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் பைறூஸ், சம்மாந்துறை அரிசி ஆலைக்காரரின் மகன், வாய் இயந்திரத் துப்பாக்கி. மற்றவர் சபீனா, மருதமுனையில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, அணியில் ஒரே பெண். மற்றவர்கள் பத்துச் சொல் பேசினால் அவ ஒன்று பேசுவா. அந்த ஒன்றும் அநேகமாக “இல்ல” என்றுதான் இருக்கும்.

பணிப்பாளர் வந்த நாள் சம்மாந்துறை வயலில் செய்முறை. அறுவடை முடிந்த காலம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒடுங்கிய பாதை. அந்தப் பாதையால் பெட்டி பூட்டிய டிரக்டரைப் பின்னுக்கு எடுத்து, நெல் காயவிடுகிற களத்துக்குள் விட வேண்டும். பணிப்பாளரின் வாகனம் களத்திலேயே நின்றது. அவர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், கையில் அறிக்கைக் கோவை. எனக்கா, மண்டைக்குள் பெருநாள்! பெரிய ஆளின் முன்னால் என் திறமை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். பழைய புருசன் பெண்சாதிக் கதையையும் எடுத்துவிட்டேன். வகுப்பு சிரித்தது, பணிப்பாளரும் சிரித்தார். அந்தச் சந்தோசத்தில், நான் வாழ்நாளில் கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டேன்.

“எல்லாருக்கும் விளங்கிச்சா?”

“ஓம் சேர்!”

“எனக்கு விளங்கல்ல சேர்.” சபீனா.

சிரிப்பு நின்றது. பணிப்பாளரின் பேனை கோவைக்கு மேலே நின்றது.

“பொறகு சொல்லித் தாறன் மகள். இப்ப பாருங்க.”

“பொறகு எப்படி சேர்? தறியில நூல் அறுந்தா அந்த இடத்துலதான் நிப்பாட்டி முடிச்சுப் போடுவம். நெய்துக்கிட்டுப் போய்ப் பொறகு முடிச்சுப் போட ஏலா.”

“இவட தறிய இஞ்சயும் கொண்டுவந்திட்டா,” என்றார் பைறூஸ். “சேர், நான் எடுத்துக் காட்டுறன், விடுங்க.”

விட்டேன். பாருங்கள், கோவாப் பாத்தியில் ஒரு தடவை படித்தவன், சார்ஜன்டிடம் பட்டம் வாங்கியவன், ஒரு குடையையும் ஒரு கோவையையும் கண்டதும் எல்லாவற்றையும் மறந்தேன். பைறூஸ் எடுத்தார். முதல் பத்து முழம் நன்றாகத்தான் போனது. பிறகு பெட்டி சாயத் தொடங்கியது, அவர் இன்னும் திருப்பினார், அது இன்னும் சாய்ந்தது. “நிப்பாட்டுங்க!” என்று சபீனா கத்தின கத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. நான் கத்தினது அதற்குப் பிறகுதான். டிரக்டர் நின்றது. வெறும் பெட்டி பாதைக்குக் குறுக்கே மடிந்து, ஒரு சில்லு வாய்க்காலுக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

பணிப்பாளர் குடையை மடக்கினார்.

“ஆர்ட பிழை இது?”

பைறூஸின் முகம் வெளுத்திருந்தது. பதினைந்து தலைகளும் அவர் பக்கம் திரும்பின. நான் ஒரு விரலை நீட்டினால் முடிந்தது கதை. அந்த முகம் எனக்குத் தெரியும். வாங்கில் ஏற்றப்படப் போகிற பிள்ளையின் முகம் அது.

“என்ட பிழை சேர்,” என்றேன். “விளங்கிச்சா எண்டு கேட்டன். ஓம் எண்டாங்க. நான் நம்பிட்டன்.”

“சரி, சரி. மெசின முன்னுக்கு எடுத்து வழிய விடுங்க. நான் போகணும்.”

முன்னுக்கு எடுக்க ஒரு நிமிடம் போதும். அவர் போவார், அறிக்கை எழுதுவார். இவர்கள் பதினாறு பேரும் பயத்தையும் ‘ஓம் சேர்’ரையும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். முன்னுக்கு எடுத்தேன். ஆனால் வழியை விடவில்லை. பாதையின் நடுவில் டிரக்டரை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

“சேர், மன்னிச்சுக்கங்க. நூல் இந்த இடத்துலதான் அறுந்திச்சு. முடிச்சுப் போட்டுட்டு விடுறன்.”

“நீங்க தகுதிகாண் காலத்துல இரிக்கிறீங்க, தெரியும்தானே?”

“ஓம் சேர். இது விளங்கித்தான் சொல்றன்.”

அவரின் வாகனத்துக்கு வேறு பாதையும் இல்லை, பாவம். களத்தில் கிடந்த நெல் மூட்டை ஒன்றில் உட்கார்ந்தார்.

“சபீனா, வாங்க. என்ன விளங்கல்ல?”

“திருப்புற விளங்கிச்சு சேர். பெட்டி சாயத் தொடங்கினாப் பொறகு ஸ்டியரிங்க எப்ப திரும்ப எடுக்கிற? அத நீங்க சொல்லல்ல.”

சொல்லவில்லைதான்! எனக்கு அது கையில் இருந்தது, வாயில் இருக்கவில்லை. பைறூஸ் பிழைத்ததும் சரியாக அந்த இடத்தில்தான். பதினாறு பேரில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்ட பிள்ளையைத்தான் நான் பொறகு என்று இருத்தி வைத்தேன். எனக்கு வெட்கத்தை விடச் சந்தோசம்தான் பொங்கியது. இப்படி ஒரு கேள்வி எட்டு வருடத்தில் என் வாயிலிருந்து வந்திருந்தால் நான் டொக்டராகியிருப்பேன்!

சபீனா ஏறினா. பெட்டி சாய ஆரம்பிக்கும்போதே, அது கண்ணுக்குத் தெரிகிற அளவு வளையுமுன் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். முதல் தடவை பிந்திவிட்டா. நிறுத்தி இறங்கி, சில்லைப் பார்த்து, ஏறினா. இரண்டாவது தடவை முந்திவிட்டா. திரும்ப நிறுத்தம். ஒருவரும் சிரிக்கவில்லை. பைறூஸ் பக்கத்தில் நடந்துகொண்டே, “இப்ப... இப்ப எடுங்க...” என்று முணுமுணுத்தார். மூன்றாவது தடவை பெட்டி வாய்க்கால் ஓரமாகவே நழுவி, பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரிக் களத்துக்குள் போய் நின்றது. பொடியன்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே! பிறகு பைறூஸ் ஏறினார். ஒரே எடுப்பில் விட்டார்.

பணிப்பாளர் எழும்பி உடுப்பில் ஒட்டிய உமியைத் தட்டினார். “என்ட சேவைக்காலத்துல ஒரு வகுப்ப முழுசா இருந்து பாத்தது இண்டைக்குத்தான்,” என்றார். “அதுவும் போக வழியில்லாததால.”

அறிக்கை வந்தபோது எழுத்துக்கூட்டி வாசிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. இரண்டு வசனம்தான். ‘இவரது வகுப்பில் ஒழுங்கு குறைவு. நிரந்தரமாக்கலாம்.’

அடுத்த திங்கட்கிழமை களஞ்சிய அறையில் கால் ஆடிக்கொண்டு கிடந்த ஒரு வாங்கைத் தூக்கி வந்து, ஆணி அடித்து, வகுப்புக்கு முன்னால் போட்டேன். சட்டம் ஒன்றுதான். விளங்காதவர் வந்து வாங்கில் இருக்கலாம். நிற்கத் தேவையில்லை, இருக்கலாம். வாங்கில் இருப்பவர்தான் முதலில் மெசினில் ஏறுவார். முதல் கிழமை அதில் ஒருவரும் இருக்கவில்லை. இரண்டாவது கிழமை பைறூஸ் வந்து இருந்தார். மூன்றாவது கிழமை இடம் போதாமல் சண்டை! தேத்தண்ணிக் கடை வரை அந்தக் கதை போனது. அவர்களும் என் பட்டப்பெயரை மாற்றவில்லை, ஒரு சொல்லைக் கூட்டினார்கள். ‘வாங்கு சேர்’. மரியாதையோடு திட்டு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். நம் நிலையப் பொறுப்பாளரை உங்களுக்குத் தெரியும், மேடை ஏறினால் செந்தமிழ் அருவி. என்னைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேசினார். அர்ப்பணிப்பு என்றார், ஆளுமை என்றார், கற்றல் கற்பித்தற் செயன்முறையின் ஏதோ ஒன்று என்றார். நான் மாலையோடு உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். முன் வரிசையில், மருதமுனையில் இப்போது சொந்தமாக இரண்டு உழவு மெசின் வைத்திருக்கும் சபீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. திடீரென்று எனக்கு உறைத்தது. என் தலை அரை நொடி பிந்தி ஆடுகிறது!

எழும்பினேன். மேடையை விட்டு இறங்கி, மூலையில் கொண்டுவந்து வைத்திருந்த என் வாங்கில் போய் இருந்தேன். பொறுப்பாளர் பேச்சை நிறுத்தினார்.

“என்ன காக்கா, சுகமில்லையா?” என்று மூத்த அண்ணனைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“சுகம் சேர். எனக்கு விளங்கல்ல.”

மண்டபமே வெடித்தது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும் வரை நின்றுவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“நீங்க போறது எங்களுக்குக் கவலையா இரிக்கி காக்கா எண்டு சொன்னன்.”

அது விளங்கியது. மாலையைக் கழற்றி அவரின் கழுத்தில் போட்டேன்.

வாங்கை உங்கள் வகுப்பறையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இடது பக்கக் கால் இன்னும் கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்கள்.